கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டராகச் சேரப் போகிறேன், முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

சேலத்தில் ஒரு வணிக வளாகத்தில் வேலை கிடைத்திருக்கிறது, கதவு கார்டு, கேமரா, அலாரம் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்து ரோடு பக்கம் ஒரு கட்டடத்தில் ஒன்பது வருடமாக இதே வேலைதான் பார்க்கிறேன். சாஃப்ட்வேர் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள்.

எங்கள் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு அக்கா, அதற்கு முன்னால் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறையில் பல வருடம் பற்றவைக்கும் வேலை செய்தவர். விரல் நுனி வழவழவென்று தேய்ந்து போயிருக்கும், ரேகை மிஷினில் எத்தனை தடவை வைத்தாலும் எடுக்காது, அதனால் அவருக்கு மட்டும் கார்டு. ஒரு நாள் மூன்றாவது மாடியில் ஒரு லேப்டாப் காணோம். கார்டு பதிவில் அந்த மாடிக் கதவை அவர் கார்டு 7.49க்குத் திறந்திருக்கிறது, ஆனால் 7.43க்கே அவர் கேட்டைத் தாண்டி பஸ்ஸுக்குப் போவது கேமராவில் தெரிகிறது. அப்படியானால் கார்டை யாரிடமோ கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டார்கள். அவர் அழவில்லை, கார்டைக் கழுத்திலிருந்து கழற்றி என் மேசையில் வைத்துவிட்டு, "நீங்களே பாருங்க தம்பி" என்றார்.

நான் போனை எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறி என் கார்டைக் காட்டினேன். போனில் 10.06. கேமராவிலும் 10.06. கார்டு பதிவில் 10.15. கார்டு பதிவைச் சேர்த்து வைக்கும் கம்ப்யூட்டரை, அதாவது சர்வரை, மாற்றியபோது நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பை யாரும் திரும்பப் போடவில்லை, அது கொஞ்சம் கொஞ்சமாக ஓடி ஒன்பது நிமிடம் முந்திவிட்டது. ஆக அவர் கதவைத் திறந்தது 7.40க்கு, மூன்று நிமிடத்தில் படியிறங்கி வெளியே போயிருக்கிறார். லேப்டாப்பை யார் எடுத்தார்கள் என்பது கடைசி வரை தெரியவில்லை. ஆனால் அந்த அக்காவின் பெயர் அன்றைக்கே அந்தப் பேச்சிலிருந்து போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு கதவில் கார்டு காட்டி மூன்று நேரத்தையும் நோட்டில் எழுதி வைக்கிறேன்.

அப்புறம், அந்தப் பதிவு சொல்வது கார்டு வந்தது என்று மட்டும்தான், ஆள் வந்தார் என்று அல்ல. 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் பழைய வகைக் கார்டாக இருந்தால் நகல் எடுப்பது ரொம்ப சுலபம், உங்கள் இடத்தில் எந்தக் கார்டு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேலையை விட்டுப் போனவர்களின் கார்டை அன்றைக்கே முடக்குங்கள். சர்வர் நின்றாலும் கதவுப் பக்கம் இருக்கும் கன்ட்ரோலர் தன் நினைவில் உள்ளதை வைத்துத் திறக்கும், இணைப்பு வந்ததும் சேர்த்து வைத்த பதிவுகளை மொத்தமாக அனுப்பும், அதைப் பார்த்து இப்போதுதான் நடக்கிறது என்று பதறக் கூடாது.

அலாரத்தில் இரண்டு வகை முக்கியம். கார்டும் காட்டாமல் வெளியேறும் பட்டனும் அமுக்காமல் கதவு திறந்தால் ஒன்று, திறந்த கதவு குறித்த நேரத்துக்குள் மூடாவிட்டால் இன்னொன்று. எங்கள் பின்படிக்கட்டுக் கதவு தினமும் இரண்டாவது அலாரத்தைக் கொடுக்கும், பையன்கள் பார்க்காமலேயே 'அக்னாலெட்ஜ்', அதாவது பார்த்தாயிற்று என்ற பட்டனை, அடித்துவிடுவார்கள். ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்தால் கதவைத் தானாக மூடவைக்கும் டோர் க்ளோஸரிலிருந்து எண்ணெய் ஒழுகிக் கதவின் மேல் கறையாக இறங்கியிருந்தது, கதவு கடைசி இரண்டு விரல்கடை மூடாமல் நின்றது. க்ளோஸரை மாற்றினோம், சத்தம் நின்றது. இப்போது அந்தக் கதவு கத்தினால் எழுந்து ஓடுகிறார்கள்.

ஏற்காட்டில் ஒரு விடுதிக்கு ஆறு மாதம் போயிருந்தேன், அங்கே பனி இறங்கினால் இரவுக் கேமராவின் அகச்சிவப்பு வெளிச்சம் அந்தப் பனியிலேயே பட்டுத் திரும்பி திரை முழுக்க வெள்ளையாகிவிடும், லென்ஸ் முன்னால் ஒரு சிலந்தி நூல் ஆடினாலும் ஆள் நடமாட்டம் என்று அலாரம் வரும். அதற்காக அலாரத்தையே அணைத்துவிடாதீர்கள், துடைத்துவிட்டுப் பாருங்கள்.

கடைசியாக, கரண்ட். காந்தப் பூட்டுக்கு மின்சாரம் போனால் கதவு திறந்துகொள்ளும், பேட்டரி இருக்கும் வரைதான் தாங்கும், அதனால் மாதம் ஒரு தடவை மெயினை நிறுத்தி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். தீ அலாரம் அடித்தால் மட்டும் பேட்டரி இருந்தாலும் வெளியேறும் வழிக் கதவுகள் உடனே விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்காகத் தீ அலாரத்திலிருந்து பூட்டுக்கு வரும் வயரை யாராவது "சும்மா சும்மா கதவு திறக்குது" என்று கழற்றி வைத்திருக்கிறார்களா என்று, சேர்ந்த முதல் வாரமே எலக்ட்ரீஷியனைக் கூட வைத்துக்கொண்டு சோதித்துவிடுங்கள். நான் சேர்ந்தபோது எங்கள் இரண்டாவது மாடியில் அது கழன்றுதான் கிடந்தது.