இனாரி சைவம் என்று யார் சொன்னது?

தம்பி, நீங்கள் கேட்டது ஐந்து கேள்வி. அடுத்த மாதம் மனைவியோடு டோக்கியோ வருகிறீர்கள், நிஷிகசாயில் வீடு பார்க்கலாமா, வாடகைக்கு யார் ஜாமீன் நிற்பார்கள், ரயில் பாஸ் எப்படி எடுப்பது, குளிருக்கு என்னென்ன கொண்டுவருவது என்று நாலு. ஐந்தாவதாக, போகிற போக்கில் ஒன்று: "சேர்ந்த முதல் வாரமே டீமில் எல்லோரும் குடும்பத்தோடு ஒரு மாலில் இருக்கும் சுஷி கடைக்குக் கூட்டிப்போகிறார்களாம். நாங்கள் சைவம், நான் மட்டும் முட்டை சாப்பிடுவேன். அங்கே எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா அக்கா?"

முதல் நாலுக்கும் நிஷிகசாயில் தடுக்கி விழுந்தால் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்கள். நம்மவர்கள் அவ்வளவு பேர் அங்கே. பாஸ் விஷயத்தை ஆபீஸே சொல்லிக்கொடுக்கும். குளிருக்கு இங்கேயே வாங்குங்கள், அங்கிருந்து பெட்டியில் அடைத்துக்கொண்டு வருவது எதுவும் இந்தக் காற்றுக்குப் பத்தாது. ஐந்தாவதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். ஏனென்றால் அந்த மாதிரி ஒரு கடையில் இனாரி என்ற சுஷியைச் சைவம் என்று நம்பி நான் ஏமாந்தது இரண்டு வருஷம்.

பயப்பட வேண்டாததை முதலில் சொல்லிவிடுகிறேன். மால் சுஷி கடை என்றதும், மர மேடைக்குப் பின்னால் ஒரு மாஸ்டர் கத்தியோடு நின்று உங்களை எடை போடும் இடம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது வேறு ரகம், பில்லைப் பார்த்தால் மயக்கம் வரும். நீங்கள் போகப்போவது அநேகமாகக் கைதென் சுஷி, அதாவது தட்டு பெல்ட்டில் வரும் கடை. 1958இல் ஒசாகா பக்கத்தில் சிராய்ஷி என்பவர், பீர் தொழிற்சாலையில் பாட்டில்கள் பெல்ட்டில் நகர்வதைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தது. ஆள் குறைவு, விலை குறைவு. 1970 ஒசாகா உலகக் கண்காட்சிக்குப் பிறகு நாடெங்கும் பரவியது. சிக்கனத்துக்குப் பிறந்த கடை என்பதால் அங்கே கூச்சத்துக்கு இடமில்லை. குழந்தை அழும், தாத்தாக்கள் சத்தமாகச் சிரிப்பார்கள், பள்ளிக்கூடப் பையன்கள் தட்டை அடுக்கிப் போட்டி போடுவார்கள். குச்சி பிடிக்க வரவில்லையா, கையால் எடுத்துச் சாப்பிடுங்கள், சுஷிக்கு அது தப்பே இல்லை. டிப்ஸ் மட்டும் வைக்காதீர்கள், காசை மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடி வருவார்கள்.

பச்சை மீன் வாடைக்கு உங்கள் மனைவி பயந்தால், வராது என்று சொல்லுங்கள். நல்ல மீனுக்கு வாடை இல்லை. இன்று குழந்தைகள் விழுந்து விழுந்து சாப்பிடும் சால்மனையே ஜப்பானியர்கள் முன்பு பச்சையாகத் தொட மாட்டார்கள், அதில் புழு இருக்கும் என்ற பயம். 1980களில் நார்வேக்காரர்கள் வந்து தங்கள் வளர்ப்பு மீனை விற்கப் படாத பாடு பட்டுத்தான் அது சுஷி ஆனது. தயக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை என்பதற்காகச் சொன்னேன்.

வாசலில் ஒரு மெஷின் இருக்கும். எத்தனை பேர், மேசையா கவுன்டரா என்று அழுத்தினால் எண் போட்ட சீட்டு வரும். ஞாயிறு மதியம் என்றால் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். எண்ணை ஜப்பானிய மொழியில் கூப்பிடுவார்கள். நாலு, ஏழு, ஒன்பதுக்கு இரண்டிரண்டு உச்சரிப்பு உண்டு, அதைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். முதல் தடவை எங்கள் எண்ணைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விட்டுவிட்டார்கள், நாங்கள் வாசல் கண்ணாடிப் பெட்டியில் இருந்த மெழுகு சுஷியை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே மேசையில் தொடுதிரை, பெரும்பாலும் ஆங்கிலம் இருக்கும். பச்சைப் பொடி டீத்தூள், வசாபி என்ற காரமான பச்சை மசாலா இல்லை. சுவரோரம் கறுப்பாக ஒரு பட்டனோடு நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் டீக்கு வெந்நீர், கை கழுவ இல்லை. என் வீட்டுக்காரர் விரலில் இரண்டு நாள் கொப்புளம் இருந்தது.

எடுத்த தட்டைத் திரும்ப பெல்ட்டில் வைக்கக் கூடாது. இது முக்கியம். இப்போது பல கடைகளில் சும்மா சுற்றும் தட்டே கிடையாது. 2023 ஜனவரியில் ஒரு பையன் பொதுவாக வைத்திருந்த சோயா பாட்டிலை நக்கி, அந்த வீடியோ பரவி நாடே கொதித்தபிறகு, ஆர்டர் செய்தது மட்டும் வேகமான பாதையில் நேராக உங்கள் மேசைக்கு வந்து நிற்கிறது. முன்பு அப்படி இல்லை. நம்மவர் ஒருவர் தட்டை எடுத்து, மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, திரும்ப வைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கத்து மேசை அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து அந்தத் தட்டு தன்னைக் கடக்கும்போது குழந்தையின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன், நானும் அதே ஊர் என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்று.

சரி, சாப்பாடு. "வெஜிடேரியன்" என்று சொன்னால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்தச் சொல் இங்கே எல்லோருக்கும் தெரியும், பொருள்தான் ஆளுக்கொன்று. "நிகு" இல்லாமல் என்று கேட்டால் மாடு, பன்றி இல்லாமல் தருவார்கள், மீனை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். நீங்கள் சொல்ல வேண்டியது: "நிகு மோ சகானா மோ தாபேமாசென், டாஷி மோ டமே டெஸ்." இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டோம், டாஷியும் ஆகாது. கடைசிச் சொல்தான் உயிர்.

டாஷி என்றால் சாறு. சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, விறகுக் கட்டை மாதிரி ஆகும்வரை காயவைத்து, அதை மெல்லிசாகச் சீவி, வெந்நீரில் போட்டு வடிகட்டியது. நாம் தாளிக்காமல் ஒன்றையும் இறக்க மாட்டோமே, அந்த மாதிரி அவர்களுக்கு இது. மீசோ சூப்பில் டாஷி. ஊடோன் என்ற தடி நூடுல்ஸில் டாஷி. சவன்முஷி என்று கிண்ணத்தில் வரும் முட்டை, அதில் டாஷி போதாதென்று இறாலும் கோழியும் அடியில் ஒளிந்திருக்கும். மஞ்சளாக இனிக்கும் முட்டை சுஷி உங்களுக்கு ஆகும் என்று நினைத்திருப்பீர்கள், அதிலும் பெரும்பாலும் டாஷி. பொரித்த உருளைக்கிழங்கு எந்த எண்ணெயில் பொரிந்தது என்று கேட்காமல் இருப்பது மேல். ஒவ்வாமை அட்டவணையைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சில புத்திசாலிகள் சொல்வார்கள். பாக்கெட் உணவுக்கே சட்டம் கட்டாயமாக்கியது முட்டை, பால், கோதுமை, சோபா என்ற தானியம், வேர்க்கடலை, இறால், நண்டு, வால்நட் போன்றவைதான். மீன் சாறு அதில் வராது.

மிஞ்சுவது? கப்பா மாக்கி என்ற வெள்ளரிக்காய்ச் சுருள். எடமாமே என்ற அவித்த பச்சைச் சோயாக்காய். நத்தோ மாக்கி, அதாவது புளிக்கவைத்த சோயா வைத்த சுருள், வாடை தாங்குமானால், அதில் ஊற்றும் சாஸையும் கேட்டுவிட்டு. உங்களுக்கு மட்டும் மயோனைஸ் போட்ட சோளம். இவ்வளவுதான். போகும்முன் வீட்டில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இன்னொன்று, மேசையில் உட்கார்ந்தபிறகு சொல்லாதீர்கள், இரண்டு நாள் முன்பே டீமில் சொல்லுங்கள். கூட்டிப்போனவருக்கு விருந்தாளி வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்தால் முகம் செத்துவிடும், அன்றைக்கு முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பார்.

நான் யாரிடமும் கேட்கவில்லை. 2006 ஜனவரி, டோக்கியோவை அடுத்த சைதாமாவில் நம்மவர் ஒருவர்கூட இல்லாத ஊர், கையில் பத்து மாதக் குழந்தை. இவர் ராத்திரி பதினொன்றுக்கு முன் வந்ததில்லை. வீட்டில் ஹீட்டர் போட்டால் கரண்ட் பில் எகிறும் என்று பயந்து, தினமும் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு மாலுக்குப் போய்விடுவேன். அங்கே வெதுவெதுப்பு இலவசம். மூன்றாம் மாடியில் சுஷி கடை. பெல்ட்டில் தட்டுகள் போவதைப் பார்த்தால் குழந்தை அழுகையை நிறுத்தும், அதற்காக உள்ளே போனேன். அப்போது தட்டு வரியோடு 105 யென், ஒரு தட்டில் இரண்டு. பழுப்பாக, சின்னத் தலையணை மாதிரி ஒன்று வந்தது. கடித்தேன். வெளியே பொரித்த டோஃபு உறை, உள்ளே புளிப்புச் சோறு, இனிக்க இனிக்கச் சாறு நாக்கில் இறங்கியது. மீன் இல்லை, முட்டை இல்லை. ஊரை விட்டு வந்தபிறகு வெளியிடத்தில் நான் ருசித்துச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. இனாரி.

இரண்டு வருஷம் வாரம் இரண்டு தடவை சாப்பிட்டிருப்பேன். தலையில் துணி கட்டிய ஒரு பெரியம்மாள் அங்கே வேலை பார்த்தார், என்னைக் கண்டாலே திரையைத் தொட விடாமல் உள்ளே பார்த்து "இனாரி!" என்று குரல் கொடுப்பார். போனில் ஊருக்குப் பெருமையாகச் சொல்வேன், ஜப்பானில்கூடச் சுத்த சைவமாக இருக்கிறேன் என்று. அப்புறம் ஊர் கோமின்கான் என்ற சமூகக் கூடத்தில் வெளிநாட்டவருக்குச் சமையல் வகுப்பு வைத்தார்கள். அன்றைக்கு இனாரி. டீச்சர் கொதிநீரை அடுப்பிலிருந்து இறக்கி, தச்சுப்பட்டறையில் இழைப்புளி தள்ளும் சுருள் மாதிரி எதையோ கை நிறைய அள்ளிப் போட்டார். அது ஆவியில் உயிரோடு இருப்பது போல நெளிந்தது. என்ன என்று கேட்டேன். கத்சுவோ என்றார், அதே சூரை மீன். வடித்த சாற்றில் சோயாவும் சர்க்கரையும் சேர்த்து, டோஃபு உறைகளை அதில் அமுக்கினார். அந்த வாசனை எனக்கு அத்துப்படி.

வீடு வரை மனதில் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். வாரத்துக்கு இரண்டு, வருஷத்துக்கு நூறு. ராத்திரி இவர் வந்ததும் சொன்னேன். சாக்ஸைக் கழற்றிக்கொண்டே, "எனக்கு ஒரு வருஷமாகத் தெரியும்" என்றார். ஆபீஸில் யாரோ சொன்னார்களாம். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "சொன்னால் அதையும் சாப்பிட மாட்டாய். அப்புறம் நீ என்னதான் சாப்பிடுவாய்?" என்றார். ஒரு வாரம் பேசவில்லை நான்.

இரண்டு மாதம் அந்த மாடிக்கே போகவில்லை. பிறகு போனேன். இந்த ஊரில் மடத்துச் சமையலில் கொம்பு என்ற கடற்பாசியும் ஷிதாகே காளானும் போட்டுச் சைவ டாஷி எடுப்பார்கள், வீட்டில் நான் அதில் இனாரி செய்யக் கற்றுக்கொண்டேன். வெளியில் டாஷியைச் சகித்துக்கொள்வேன், மீன் துண்டைத் தொட மாட்டேன். இது என் கோடு. உங்கள் மனைவி எங்கே போடுவார் என்பது அவர் பாடு, ஆனால் தெரிந்து போடட்டும். இங்கே இரண்டு கட்சி உண்டு. டாஷியெல்லாம் கணக்கில்லை என்று புதிதாக வந்தவர்களை ஏய்ப்பவர்கள் ஒன்று. இருபது வருஷமாக ஒரு சுஷி கடை வாசலையும் மிதிக்காமல், வெளியே எல்லாமே அசுத்தம் என்று மிரட்டுபவர்கள் இன்னொன்று. போகிற இடமெல்லாம் டப்பாவில் சாதம் கட்டிக்கொண்டு போய்க் கடைக்குள்ளேயே திறப்பவர்களும் இதில் சேர்த்தி. இவர்களில் பாதிப் பேருக்கு மீன் என்ற எழுத்தைப் படிக்கத் தெரியாது. மேலே ஒரு கொக்கி, நடுவில் நாலு கட்டம் போட்ட பெட்டி, அடியில் நாலு புள்ளி. ஒரு சாயங்காலம் போதும் கற்க. பழைய சுஷி கடை டீக்கோப்பைகளில் இந்த எழுத்து இடப்பக்கம் ஒட்டிய மீன் பெயர்களாகவே அச்சடித்திருக்கும். என் மகள் கோப்பையைச் சுற்றிச் சுற்றித்தான் எழுத்துக் கற்றாள்.

அவள் இப்போது கல்லூரியில். சால்மன் முட்டையைச் சிவப்பு மணியாகக் குவித்த தட்டுகளைப் பதினைந்து வரை அடுக்குவாள். என் பக்கம் நாலு வெள்ளரிக்காய்த் தட்டு. மாதம் ஒரு ஞாயிறு மூன்று பேரும் போகிறோம், அதே மால், கடை பெயர்தான் மாறிவிட்டது. நான் திரையில் எதையும் தொடுவதற்கு முன்பே ஒரு இனாரித் தட்டு வந்து நிற்கும். இவர் அதை என் பக்கம் நகர்த்திவிட்டு, டீப்பொடி டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க ஆரம்பிப்பார்.