பழைய ஐகானை என்ன செய்வது? – கடிதம்

வணக்கம் சார்,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். சித்தப்பா வைத்திருந்த 2002 ஃபோர்டு ஐகான் 1.6 இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. மூன்று வருடமாக ஷெட்டில் நின்ற வண்டி. பேட்டரி மாற்றியதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. எஃப்.சி. 2027 வரை இருக்கிறது. "அந்தக் காலத்தில் ரோட்டில் இதைப் பிடிக்க ஆள் கிடையாது" என்று சித்தப்பா சொல்வார். ஆனால் ஓட்டிப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை. 80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் ஆடுகிறது. வளைவில் படகு மாதிரி சாய்கிறது. பிரேக் மிதித்தால் இடது பக்கம் இழுக்கிறது. பிக்கப்பும் சுமார்தான்.

அதனால் மாடிஃபை செய்யலாம் என்றிருக்கிறேன். 17 இன்ச் அலாய், லோயரிங் ஸ்பிரிங், ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட், ரீமேப். முடிந்தால் ஃபியஸ்டாவின் 16 வால்வு 1.6 இன்ஜினை இதில் இறக்க வேண்டும். மேலே மேட் பிளாக் ஸ்டிக்கர் ராப். கையில் இரண்டு லட்சம் இருக்கிறது. எதிலிருந்து தொடங்கலாம்? அப்பா "பழைய இரும்புக்குப் போடு" என்கிறார்.

எஸ்.
திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

முதலில் ஒரு வேண்டுகோள். அந்த வண்டியை இப்போதைக்கு 80-இல் ஓட்டாதீர்கள். மூன்று வருடம் ஒரே இடத்தில் நின்ற காரின் டயர், தரையைத் தொட்ட இடத்தில் தட்டையாகியிருக்கும். பக்கவாட்டு ரப்பரில் மெல்லிய வெடிப்புகள் விட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்வரிசையில் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2316 என்றிருந்தால், அது 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் சரி, பத்து வயதை நெருங்கிய டயரைக் கழற்றிவிடுங்கள். 80-இல் ஸ்டீயரிங் ஆடுவதற்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்று வண்டியின் குறைகள். இன்னொன்று நீங்கள் மாட்ட நினைக்கும் சாமான்கள். முதல் பட்டியலில் உள்ள ஒரு குறைகூட இரண்டாவது பட்டியலால் தீராது. சித்தப்பா ஓட்டிய ஐகானை நீங்கள் இன்னும் ஓட்டவே இல்லை. நீங்கள் ஓட்டுவது அதன் தேய்ந்துபோன வடிவத்தை. அதனால் முதலில் அந்தப் பழைய ஐகானை மீட்டெடுங்கள். எதை மாற்றுவது என்பதை அதற்கு அப்புறம் பேசலாம்.

வண்டியின் சுபாவம் தெரிந்தால்தான் அதில் கை வைக்க முடியும் என்பதால் கொஞ்சம் பின்கதை. ஐகான் 1999 நவம்பரில் வந்தது. ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருந்த ஃபியஸ்டா என்ற சின்னக் காரை எடுத்து, நம் நாட்டுக்கென்று பின்னால் டிக்கி சேர்த்து, மறைமலை நகரில் தயாரித்தார்கள். இங்கிருந்து மெக்சிகோவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும்கூடப் போனது. "ஜோஷ் மெஷின்" என்று விளம்பரம் செய்தார்கள். ஜோஷ் என்றால் இந்தியில் உற்சாகம். அந்தப் பெயருக்குத் தகுதியானது உங்களிடம் இருக்கும் 1.6 ரோகேம் இன்ஜின் வண்டிதான். 92 குதிரைத்திறன், எட்டே வால்வுகள். ஆனால் 130 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை, முழுவதும் 2500 ஆர்.பி.எம்.மிலேயே வந்துவிடும். அதே காலத்து ஹோண்டா சிட்டி விடெக்குக்கு 106 குதிரைத்திறன். அதை முழுதாக வாங்க 6000-க்கு மேலே சுற்ற வேண்டும். இரண்டும் அருமையான வண்டிகள். ஆனால் குணம் வேறு. ஐகானில் மூன்றாவது கியரில் போய்க்கொண்டே ஒரு லாரியைத் தாண்ட, காலை லேசாக அழுத்தினால் போதும். அதைவிடவும் அதற்குப் பெயர் வாங்கித் தந்தது ஸ்டீயரிங்கும் சஸ்பென்ஷனும்தான். வளைவில் நான்கு சக்கரமும் என்ன செய்கின்றன என்று கைக்குத் தெரியும். இன்றைக்கு வரும் பல விலையுயர்ந்த செடான்களில் எனக்கு அது கிடைப்பதில்லை.

அந்த உணர்வு எங்கே போயிற்று? ரப்பரில் போயிற்று. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம், பாடியோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கிறது. இருபது வருடத்தில் அந்த ரப்பர் வெடித்து, இரும்பிலிருந்து விட்டுப்போகும். அப்புறம் நீங்கள் பிரேக் மிதிக்கும்போது ஆர்ம் பின்னால் நகர்கிறது, சக்கரத்தின் கோணம் மாறுகிறது, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. அலைன்மென்ட் செய்து கொடுத்தவர் மேல் தப்பே இருக்காது. நின்ற வண்டியில் சரியாக இருந்த கோணம் ஓடும்போது மாறினால் அவர் என்ன செய்வார்? இதே கதைதான் முன் ஷாக் அப்சார்பர் இருக்கும் ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட்டிலும், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க்கிலும், பின் ஆக்சிலைப் பாடியோடு சேர்க்கும் இரண்டு பெரிய புஷ்களிலும். பின் புஷ்களைப் பெரும்பாலானவர்கள் பார்ப்பதே இல்லை. ஆக்சிலை இறக்க வேண்டும் என்பதால் மெக்கானிக்குகள் தள்ளிப்போடுவார்கள். நீங்கள் விடாதீர்கள். அவற்றை மாற்றிய பிறகுதான் பின்பக்கம் முன்பக்கத்தோடு சேர்ந்து திரும்பும்.

எல்லா புஷ், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், நான்கு ஷாக் அப்சார்பர், இன்ஜின் மவுண்ட். இவ்வளவையும் ஒரே மூச்சில் மாற்றுங்கள். ஒன்று ஒன்றாக மாற்றினால் ஒவ்வொரு முறையும் கூலியும் அலைன்மென்ட் காசும் தனியாகப் போகும். மாற்றியதில் என்ன வித்தியாசம் என்றும் தெரியாது. புஷ்ஷைப் பிரஸ் செய்து ஏற்ற நல்ல லேத் வேண்டும். உங்களுக்குப் பக்கத்தில் கோயம்புத்தூர் இருக்கிறது, லேத்துக்குப் பஞ்சமில்லாத ஊர். ஒரு விஷயம் மட்டும் மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள்: ரப்பர் புஷ் வழியாகப் போகும் போல்ட்டுகளை, வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போதுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் புது ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரிதேன் புஷ் போடச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள். ரேஸ் டிராக்கில் அதற்கு இடம் உண்டு. தினமும் ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கும் வண்டிக்கு ரப்பரே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பிரேக்கையும் இதோடு பாருங்கள். ஒரு பக்கம் இழுப்பதற்கு, நின்ற வண்டியில், பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின் (pin) இறுகிப்போவதும் ஒரு காரணம். பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ளேயே வீங்கி அடைத்துக்கொள்வதும் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 தரத்துப் புது பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது இந்த வித்தியாசத்துக்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். ஆயில், ஹோஸ், முன் டிஸ்க், பேட், பின் வீல் சிலிண்டர் எல்லாம் புதிதாக இருக்கட்டும். பின்னால் டிரம்மே போதும்.

இனி பிக்கப். இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றும் ரீமேப்புக்கு முன்னால், சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யுங்கள். நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அதில் சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ கோளாறு. அதுவும் சரி என்றால் மிச்சமெல்லாம் சின்ன வேலை: பிளக், பிளக் ஒயர், த்ராட்டில் பாடி சுத்தம், வெடித்த வேக்குவம் ஹோஸ், புகையில் ஆக்சிஜனை அளக்கும் லாம்டா சென்சார். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைக் கேட்காமலே மாற்றுங்கள். ரோகேமில் அது பிளாஸ்டிக், சூட்டில் வெடித்துக் கூலண்ட்டை ஒழுகவிடும். தென்னாப்பிரிக்காவில் இதே இன்ஜின் வைத்திருக்கும் ஆட்கள் அலுமினியத்தில் செய்து போடுகிறார்கள். டைமிங் செயின் என்பதால் பெல்ட் மாதிரி குறித்த கிலோமீட்டரில் மாற்றும் கவலை இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கரகரவென்று சத்தம் வந்தால் மட்டும் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டாங்கில் மூன்று வருடமாகக் கிடக்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2002-இல் போட்ட ரப்பர் ஹோஸ்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி, டாங்கிலிருந்து இன்ஜின் வரை எல்லா ரப்பர் துண்டையும் மாற்றுங்கள். பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்கும் ஆபத்து இது. இதில் சிக்கனம் வேண்டாம்.

துருவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. பின் சக்கர வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் சில், ஜாக்கி வைக்கும் இடம், ஸ்டெப்னிக் குழி. இந்த இடங்களில் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரத்துக்குப் பதில் பட்டி இருக்கிறது. டிங்கரிங் செய்பவர் துருவின் மேலேயே பட்டி பார்த்துத் தருகிறேன் என்றால் வேறு ஆளிடம் போங்கள். துருவை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்து, உள்பக்கம் மெழுகு அடிப்பவர்தான் வேண்டும். உங்கள் இரண்டு லட்சத்தில் பெரிய பங்கை இங்கே ஒதுக்கி வையுங்கள். இன்ஜினை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்யலாம், அரித்துப்போன பாடியை மீட்பது கஷ்டம்.

சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் இன்னும் கை கொடுக்கின்றன. ஃபோர்டு 2021-இல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. ஓடும் பாகங்கள் கிடைக்கும், ஆனால் கதவு ரப்பர், விளக்கு, டேஷ்போர்டு பிளாஸ்டிக் போன்றவை வருடத்துக்கு வருடம் குறையும். கண்ணில் பட்டால் தேவையில்லாவிட்டாலும் வாங்கி வையுங்கள்.

சரி, மாடிஃபிகேஷன். 17 இன்ச் வேண்டாம். ஐகானின் 175/65 R14 டயரில் பக்கவாட்டு ரப்பர் 114 மில்லிமீட்டர் உயரம். 205/40 R17 போட்டால் அது 82 ஆகிவிடும். சக்கரமும் கனமாகும், பள்ளத்தில் ரிம் வளையும், ஸ்டீயரிங்கின் உணர்வு போகும். 185/55 R15 போடுங்கள். மொத்த விட்டம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட மாறாது, ஸ்பீடோமீட்டர் சரியாகக் காட்டும், பிடிமானமும் கூடும். ஆனால் ஜாக்கிரதை: ஐகானின் சக்கரத்துக்கு நான்கு போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 108 மில்லிமீட்டர். கடைகளில் குவிந்து கிடக்கும் அலாய்கள் பெரும்பாலும் 100 மில்லிமீட்டர். "ஓட்டையைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் பொருந்தும்" என்று சொல்லும் கடையை விட்டு உடனே வெளியே வாருங்கள்.

வண்டியின் உயரத்தைக் குறைக்கும் லோயரிங் ஸ்பிரிங்கைப் புது ஷாக் போட்டு ஆறு மாதம் ஓட்டிய பிறகு யோசியுங்கள். அப்போது கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். புகையைத் தடையில்லாமல் வெளியே விடும் ஃப்ரீ ஃப்ளோவும் ரீமேப்பும் இந்த எட்டு வால்வு இன்ஜினில் தருவது கொஞ்சம். பெரிய விட்டக் குழாய் வைத்தால் 2500-இல் இருக்கும் அந்த இழுவையே குறையக்கூடும். ஐகானிடம் இருக்கும் சிறந்த விஷயம் அதுதான்.

ஃபியஸ்டா இன்ஜின் வேண்டவே வேண்டாம். 92-க்குப் பதில் 101 குதிரைத்திறன் கிடைக்கும். அதற்காக மவுண்ட், ஒயரிங், இ.சி.யு. என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மாற்றி, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் அலைய வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். விபத்து நடந்தால் சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்தால், அடிபட்டவர் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

வேகம் பார்க்க ஆசையென்றால் உங்களுக்கு அருகிலேயே, கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே என்ற ரேஸ் டிராக் இருக்கிறது. கோவைக்காரரான கரிவரதன் நினைவாக வைத்த பெயர். அவர் மாருதி 800-இன் சின்ன இன்ஜினை வைத்து ரேஸ் கார்கள் கட்டினார். அவற்றில் ஓட்டிப் பழகித்தான் நம் ரேஸ் வீரர்களில் ஒரு தலைமுறையே வந்தது. டிராக்கில் வெளியாட்களை எப்போது அனுமதிக்கிறார்கள் என்று விசாரித்துப் போங்கள். புது டயர், புது புஷ், புது பிரேக் ஆயிலோடு ஐகானை அங்கே கொண்டுபோனால், உங்கள் சித்தப்பா சொன்னது என்ன என்று முதல் சில சுற்றிலேயே புரிந்துவிடும்.

மேட் பிளாக் ராப் வேண்டாம். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிவு செய்ய வேண்டும் என்பது ஒன்று. ஸ்டிக்கருக்குக் கீழே துரு ஓடினால் உங்களுக்குத் தெரியாது என்பது அதைவிட முக்கியம். பாடியில் இருக்கும் பிளேட்டில் பெயின்ட் கோடு இருக்கும், அதே நிறத்தை அடியுங்கள்.

எஃப்.சி. 2027 என்று எழுதியிருந்தீர்கள். 20 வயதைத் தாண்டிய காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025-இல் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள், பசுமை வரி தனி. அதையும் இரண்டு லட்சத்தில் கணக்கு வையுங்கள். டிங்கரிங்கையும் பெயின்டையும் அந்தத் தேதிக்கு முன்னால் முடித்துவிட்டால் ஒரே செலவாகப் போகும். கம்ப்ரஷன் அளவுகளும் சில்லின் அடிப்பக்கப் படங்களும் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள். பாடி தேறுமா தேறாதா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன். அப்பாவிடம் அதற்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம்.