ஃபர்னிஷ்டு ஸ்டுடியோ எடுக்கறீங்களா? மொதல்ல லிஸ்ட எழுதி வாங்குங்க

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் திருநெல்வேலி. சென்னை பெருங்குடில ஒரு ஐடி கம்பெனில வேலை கெடச்சிருக்கு, அடுத்த மாசம் ஜாயின் பண்ணணும். ஹாஸ்டல்ல இருக்க இஷ்டமில்ல. துரைப்பாக்கம் பக்கம் ஒரு ஃபர்னிஷ்டு ஸ்டுடியோ பாத்து வச்சிருக்கேன், ஒரே ரூம்தான், அதுக்குள்ளயே சின்ன கிச்சன், பாத்ரூம், கட்டில், ஏசி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் இருக்கு. வாடகை 16,000, அட்வான்ஸ் 1 லட்சம். இன்னொரு சாவி தன்கிட்டயே இருக்கும்னு ஓனர் சொல்றார். அப்பாவுக்கு யோசனையா இருக்கு. எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம்மா, ஆனா போட்டோவ மட்டும் பாத்துட்டு ஜிபேல டோக்கன் அட்வான்ஸ் எதுவும் அனுப்பிடாத. அப்பாவோட ஒரு தடவ நேர்ல வந்து பாரு.

ஃபர்னிஷ்டு வீட்டுல பிரச்சினையே காலி பண்ணும்போதுதான் வரும். ஏசி ரிப்பேர், மெத்தைல கறை, ஃப்ரிட்ஜ் கதவு சரியா மூடலன்னு சொல்லி ஒவ்வொண்ணா அட்வான்ஸ்லேர்ந்து கழிப்பாங்க, அது நீ வர்றதுக்கு முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சுன்னு காட்ட உன்கிட்ட ஒண்ணும் இருக்காது. அதனால என்னென்ன சாமான் இருக்கு, எந்தக் கம்பெனி, எந்த நெலமைல இருக்குன்னு ஒரு லிஸ்ட் போட்டு அக்ரிமென்ட்டோட சேத்து ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. சாவி வாங்கற அன்னிக்கே வீடு முழுக்க வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடு, தேதியோட அப்படியே கெடக்கும். ஏசி சர்வீஸ் யார் செலவு, தானா ரிப்பேரானா யார் பாக்கணும்ங்கறதையும் அதுலயே எழுதிடணும், வாய் வார்த்தைல விட்டா கடைசில உன் தலைலதான் விழும்.

பாக்கப் போறப்ப கூச்சப்படாம மெத்தையோட மூலையத் தூக்கிப் பாரு, தையல் ஓரத்துல பொடிப்பொடியா கறுப்புப் புள்ளி இருந்தா மூட்டைப்பூச்சி, அந்த வீடு வேண்டவே வேண்டாம். வாஷிங் மெஷின ஒரு ரவுண்டு ஓட விடு. பாத்ரூம் குழாய், ஷவர்ல வெள்ளையா உப்புப் படிஞ்சிருக்கான்னு பாரு, ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு) பக்கம் நெறைய அடுக்குமாடி போர் தண்ணியிலயும் லாரித் தண்ணியிலயும்தான் ஓடுது, உப்புத் தண்ணின்னா கீசர், மெஷின் எல்லாம் சீக்கிரம் போயிடும், அந்தச் செலவு யாருதுன்னு அப்பவே கேட்டுடு. கோடைல லாரித் தண்ணிக்குத் தனியா காசு உண்டான்னும் கேளு. தரைத்தளம்னா மழைக்குத் தண்ணி உள்ள வருமான்னு பக்கத்து வீட்டுல விசாரி, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ எப்படி இருந்துச்சுன்னு கேட்டாலே போதும்.

கரண்ட் விஷயத்துல நெறைய பேர் ஏமாறுறாங்க. ஒரே வீட்ட நாலா தடுத்து ஸ்டுடியோன்னு விட்டிருந்தா இபி மீட்டர் ஒண்ணுதான் இருக்கும், உன் ரூமுக்கு மட்டும் எவ்வளவு ஆச்சுன்னு காட்ட சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு ஓனர் ஒரு ரேட்டு சொல்வார். வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு மொத 100 யூனிட் ஃப்ரீ, அந்தச் சலுகை உன் கைக்கே வராது. தனி மீட்டர் இருந்தா நுகர்வோர் எண் வாங்கி வச்சுக்கோ, பில்ல நீயே ஆன்லைன்ல பாத்துக் கட்டலாம்.

அட்வான்ஸ் 1 லட்சம்ங்கறது ஆறு மாச வாடகைக்கும் மேல. 2019 பிப்ரவரிலேர்ந்து அமல்ல இருக்கற தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ரெண்டு பேரும் வேற மாதிரி எழுதி ஒத்துக்கலன்னா மூணு மாச வாடகைதான் அட்வான்ஸ், உன் கணக்குக்கு 48,000. காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள பாக்கி போக மீதியத் திருப்பித் தரணும். இதச் சொல்லிப் பேசிப் பாருங்க, ஓரளவாச்சும் கொறைப்பாங்க. அக்ரிமென்ட்ட வாடகை ஆணையத்துல பதிவு பண்ணிடணும், 11 மாசந்தானே, எதுக்குப் பதிவுன்னு சொன்னா கேக்காத. வாடகைய பேங்க் வழியாவே கட்டு. பழைய முறைல வருமான வரி கட்டி எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) விலக்கு கேக்கறதா இருந்தா ஓனரோட பான் நம்பரும் வேணும், வருஷ வாடகை 1 லட்சத்தத் தாண்டுதுல்ல.

சாவி விஷயத்துல அப்பா யோசிக்கறது ரொம்ப சரி. ஓனராவே இருந்தாலும் 24 மணி நேரம் முன்னாடி சொல்லாம உள்ள வரக் கூடாதுன்னு அதே சட்டத்துல இருக்கு. பூட்ட என் செலவுல மாத்திக்கறேன், போறப்ப பழையத மாட்டிக் குடுத்துடறேன்னு கேளு, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் கட்டாயம் இருக்கணும். இதுக்கே முகம் சுளிக்கறார்னா எவ்வளவு அழகான ரூமா இருந்தாலும் விட்டுடும்மா, பெருங்குடி, கந்தன்சாவடி, வேளச்சேரின்னு வேற தேடலாம்.