‘பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் இல்லை’ அணியில் என் மகன்: எப்படித் தயாராவது?

கேள்வி: என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி அறிவியல் மன்றத்தில் ‘பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டா?’ என்று ஒரு விவாதம். சீட்டுக் குலுக்கியதில் அவனுக்கு ‘இல்லை’ அணி விழுந்துவிட்டது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பெருவெடிப்புக் கொள்கையைப் பொய்யாக்கிவிட்டது என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு, அதையே பேசப்போவதாகச் சொல்கிறான். எனக்கு அறிவியல் பின்புலம் கிடையாது. அவன் பேசப்போவது சரிதானா? இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. — ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதல் வேலையாக அந்த வீடியோவை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். அந்த வாதத்தோடு மேடையேறினால் முதல் குறுக்குக் கேள்வியிலேயே உங்கள் மகன் உட்கார வேண்டிவரும்.

நடந்தது இதுதான். 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட வெப் தொலைநோக்கி, 2022 ஜூலை முதல் படங்களை அனுப்பத் தொடங்கியது. பெருவெடிப்புக்குப் பிறகு முப்பது கோடி ஆண்டுகளுக்குள்ளேயே பிரகாசமான கேலக்ஸிகள் (விண்மீன் திரள்கள்) உருவாகிவிட்டிருப்பதை அது காட்டியது. யாரும் அவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்கவில்லை, வியப்பு உண்மையானது. ஆனால் அடி வாங்கியது ‘கேலக்ஸிகள் எவ்வளவு வேகமாகத் திரளும்’ என்ற கணக்கு. விரிவடையும் பிரபஞ்சம் என்ற அடித்தளத்தை அது தொடவில்லை. வானியலாளர் ஒருவர் பேட்டியில் சொன்ன ஒரு வரியை இடம் மாற்றிப் பொருத்தி, ‘பெருவெடிப்பு நடக்கவே இல்லை’ என்று ஒரு கட்டுரை வந்தது. அதிலிருந்து கிளைத்தவைதான் இந்த வீடியோக்களில் பெரும்பாலானவை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தொலைவில் பார்ப்பது என்றால் பழைய காலத்தைப் பார்ப்பது. வெப் காட்டும் அந்தத் தொலைதூரக் கேலக்ஸிகள் அளவில் சிறியவை. கனமான தனிமங்கள் அவற்றில் மிகக் குறைவு. பிரபஞ்சம் என்றென்றும் ஒரே மாதிரி இருந்துவந்தது என்றால், அவையும் நம் பக்கத்து கேலக்ஸிகளைப் போலவே இருக்க வேண்டும். ஆகவே அவன் வெப்பை இழுத்தால் அது சேம் சைடு கோல்.

சரி, வேறு எதைப் பேசுவது? பேச நிறைய இருக்கிறது, அதுவும் நேர்மையாக. நான் பல பள்ளி விவாதங்களில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தலைப்பு வரும்போதெல்லாம் இரண்டு அணியும் ஒரே இடத்தில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். ‘பெருவெடிப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கூற்றுகள் இருப்பதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. முதல் கூற்று: ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் மிகுந்த வெப்பமும் அடர்த்தியும் கொண்டிருந்தது, அன்று முதல் விரிந்து குளிர்ந்துவருகிறது. இரண்டாவது கூற்று: அந்தக் கணத்தில்தான் காலமே பிறந்தது, அதற்கு முன் எதுவும் இல்லை. முதலாவது மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டு நிற்கிறது. இரண்டாவதை இன்றுவரை எந்தக் கருவியும் தொட்டதில்லை.

உங்கள் மகன் முதல் நிமிடத்திலேயே முதல் கூற்றை முழு மனதோடு ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டாவதில் மட்டும் நின்று சண்டை போட வேண்டும். எதிரணி எழுதிவைத்திருக்கும் பேச்சில் பாதி அப்போதே பயனற்றுப் போகும்.

ஒப்புக்கொள்வதற்கும் விஷயம் தெரிய வேண்டும். அதற்கு வீட்டிலேயே ஒன்று செய்யுங்கள். பாவாடையில் கோர்க்கும் எலாஸ்டிக் நாடாவில் ஒரு துண்டு எடுத்து, ஒரு முனையிலிருந்து 2, 4, 6 சென்டிமீட்டரில் பேனாவால் புள்ளி வையுங்கள். முனையைப் பிடித்துக்கொண்டு நாடா இரண்டு மடங்கு ஆகும்வரை இழுங்கள். புள்ளிகள் இப்போது 4, 8, 12-இல் இருக்கும். ஒரே நேரத்தில் முதல் புள்ளி 2 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது, மூன்றாவது 6 சென்டிமீட்டர். தொலைவில் இருப்பது அதிக வேகமாக விலகுகிறது. நடுப் புள்ளியில் உங்களை வைத்துக்கொண்டு அளந்து பார்த்தாலும் இதே விதிதான். மையம் என்று ஓரிடம் கிடையாது, எங்கோ வெடித்துச் சிதறிய குண்டும் கிடையாது. விலகிப் போகும் கேலக்ஸிகளின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்து தெரியும் செம்பெயர்ச்சியை வைத்து 1927-இல் பெல்ஜியத்துப் பாதிரியாரும் இயற்பியலாளருமான ஜார்ஜ் லெமைத்ரும், 1929-இல் வானியலாளர் எட்வின் ஹபிளும் கண்டது இந்த விதியைத்தான்.

இரண்டாவது சான்று, எனக்கு மிகவும் பிடித்தது. 1964-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஹோம்டெல் என்ற இடத்தில், பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் கொம்பு வடிவிலான ஒரு பெரிய ஆண்டெனாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும், பகலோ இரவோ, ஒரு மெல்லிய இரைச்சல் விடாமல் கேட்டது. ஆண்டெனாவுக்குள் புறாக்கள் குடியிருந்தன. எச்சத்தைச் சுரண்டிக் கழுவினார்கள். புறாக்களைப் பிடித்துத் தொலைவில் கொண்டுபோய் விட்டார்கள், அவை திரும்பி வந்துவிட்டன. இரைச்சலும் போகவில்லை. கடைசியில் அருகில் பிரின்ஸ்டனில் இருந்த குழு ஒன்று தேடிக்கொண்டிருந்த பொருளே அதுதான் என்று தெரிந்தது: பிரபஞ்சத்தின் இளமைக்கால வெப்பத்தின் மிச்சம். ஆல்ஃபர், ஹெர்மன் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் 1948-இலேயே ஏறத்தாழ 5 கெல்வின் (மைனஸ் 268 டிகிரி செல்சியஸ்) வெப்பநிலையில் இப்படி ஒரு மிச்சம் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டிருந்தார்கள். இன்று துல்லியமாக அளந்த மதிப்பு 2.725 கெல்வின். 1990 ஜனவரியில் கோபே செயற்கைக்கோள் அளந்த, எந்த அலைநீளத்தில் எவ்வளவு வலு என்று காட்டும் அதன் வளைகோட்டை வானியலாளர் கூட்டத்தில் திரையிட்டபோது, அது கோட்பாட்டு வளைகோட்டின் மேல் அச்சாகப் பொருந்தியிருந்ததைப் பார்த்து அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஒரு வரைபடத்துக்கு அப்படி ஒரு மரியாதை.

மூன்றாவது, ஹீலியம். சாதாரணப் பொருளின் நிறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஹீலியம். விண்மீன்கள் மட்டும் சமைத்து அவ்வளவு சேர்ந்திருக்க முடியாது. முதல் சில நிமிடங்களின் உலை தேவை.

இனி அவன் அணியின் முன்னோர் பக்கம் வருவோம். தோற்றுப்போன அணியில் இருக்கிறோமே என்று அவன் குன்றிப்போகக் கூடாது என்பதற்காகவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1948-இல் ஃப்ரெட் ஹாய்ல், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்டு மூவரும் மாறாநிலைக் கோட்பாட்டை முன்வைத்தார்கள். பிரபஞ்சம் விரிகிறது, ஆனால் விரியும் இடத்தில் புதிய பொருள் மிக மெதுவாகப் பிறந்து நிரப்புகிறது. ஆகவே அது எப்போதும் ஒரே தோற்றத்தில் இருக்கிறது, தொடக்கமும் இல்லை என்றார்கள். தேவைப்பட்டது மிகக் கொஞ்சம்: ஒரு கன மீட்டருக்கு நூறு கோடி ஆண்டுகளில் ஒரு ஹைட்ரஜன் அணு என்ற அளவில். அன்றைக்கு இது கிறுக்குத்தனம் இல்லை. ஹபிளின் அளவீட்டை நம்பிக் கணக்குப் போட்டால் பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள்தான் வந்தது. பூமியின் பாறைகளுக்கு அதைவிட வயது அதிகம். தாயைவிடப் பிள்ளை மூத்தவள் என்றால் யார் ஏற்பார்கள்? 1952-இல் வானியலாளர் வால்டர் பாடே தொலைவுக் கணக்கைத் திருத்திய பிறகே அந்த முடிச்சு தளரத் தொடங்கியது. ‘பெருவெடிப்பு’ என்ற பெயரே 1949-இல் பிபிசி வானொலியில் அதை எதிர்த்த ஹாய்ல் சொன்னதுதான்.

ஹாய்லுக்கு வெப்பமான தொடக்கம் வேண்டாம். அப்படியானால் தனிமங்கள் எங்கே உருவாகியிருக்கும்? விண்மீன்களுக்குள் என்று அவர் தேடினார். பர்பிட்ஜ் தம்பதியும் ஃபௌலரும் அவரும் சேர்ந்து 1957-இல் வெளியிட்ட ஆய்வுதான், நம் இரத்தத்தில் இருக்கும் இரும்பும் எலும்பில் இருக்கும் கால்சியமும் விண்மீன்களில் உருவானவை என்ற இன்றைய அறிவுக்கு அடிப்படை. தோற்றுப்போன அணி கொடுத்துவிட்டுப் போன சொத்து அது. தன் கோட்பாடு எங்கே உடையும் என்பதை அந்த அணி தெளிவாகச் சொல்லிவைத்தது. அதனால்தான் வானியலாளர் மார்ட்டின் ரைல், ரேடியோ அலைகளை உமிழும் தொலைதூர வான்பொருட்களை எண்ணிப் பார்த்து, பழைய பிரபஞ்சம் இன்றையதுபோல் இல்லை என்று வாதாட முடிந்தது.

ஹாய்லின் மாணவர் நம் ஊர்க்காரர், கோலாப்பூரில் பிறந்த ஜயந்த் நார்லிகர். 1993-இல் ஹாய்ல், ஜெஃப்ரி பர்பிட்ஜ் ஆகியோரோடு சேர்ந்து கோட்பாட்டைத் திருத்தி எழுதினார். 2025-இல் மறையும்வரை பெருவெடிப்பின் மீதான ஐயத்தை அவர் கைவிடவில்லை. புனேயில் ஐயூகா என்ற வானியல் மையத்தை நிறுவி அதன் முதல் இயக்குநராக இருந்தவரும் அவரே. அதே ஐயூகாவின் ஸ்ரீஆனந்த், பிரெஞ்சு சகாக்களோடு சேர்ந்து 2000-இல் ஒரு தொலைதூர வாயு மேகத்தை ஆராய்ந்து, அந்தப் பழங்காலத்தில் பின்னணி வெப்பம் இன்றைவிட அதிகம், 6-க்கும் 14-க்கும் இடைப்பட்ட கெல்வின் என்று காட்டினார். பெருவெடிப்புக் கணக்கு சொல்வது 9.1. இயக்குநரின் கொள்கைக்கு எதிராக நிற்கும் ஒரு சான்று, அவர் தலைமையில் இயங்கிய மையத்திலிருந்தே வெளியானது. விவாதம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது. உங்கள் மகன் இதை மேடையில் தாராளமாகச் சொல்லலாம்.

இப்போது அவன் தாக்க வேண்டிய இடம். கடிகாரத்தைப் பின்னோக்கி ஓட்டினால் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலின் சமன்பாடுகளில் அடர்த்தி முடிவிலியில் போய் முட்டுகிறது. எதிரணி அதையே ‘தொடக்கம்’ என்று காட்டும். 1955-இல் கொல்கத்தாவின் அமல் குமார் ராய்சௌதுரி வெளியிட்ட சமன்பாடும், அதைப் பயன்படுத்தி 1965 முதல் 1970 வரை அந்த முட்டல் தவிர்க்க முடியாதது என்று பென்ரோஸும் ஹாக்கிங்கும் நிறுவிய தேற்றங்களும் அவர்களுடைய வலுவான ஆயுதங்கள். உங்கள் மகன் கேட்க வேண்டிய கேள்வி: அந்தத் தேற்றங்கள் எந்த நிபந்தனையில் நிற்கின்றன? ஈர்ப்பு எப்போதும் இழுக்க மட்டுமே செய்யும் என்ற நிபந்தனையில். 1998-இல் சூப்பர்நோவாக்களை (வெடித்துச் சிதறும் விண்மீன்களை) அளந்தவர்கள் பிரபஞ்சத்தின் விரிவு வேகமெடுப்பதைக் கண்டார்கள். அங்கே ஈர்ப்பு தள்ளவும் செய்கிறது. மேலும், அவ்வளவு நெருக்கமான நிலையில் அணுவைவிடச் சிறிய உலகை ஆளும் குவாண்டம் விதிகள் நுழைந்தாக வேண்டும், அவற்றைச் சார்பியலோடு இணைத்த உறுதியான கோட்பாடு இன்னும் நம் கையில் இல்லை. சமன்பாடு முடிவிலியில் முட்டினால், அந்தச் சமன்பாட்டின் எல்லை வந்துவிட்டது என்றுதான் பொருள்.

அந்த எல்லைக்கு அப்பால் என்ன என்று கணக்குப் போட்டவர்களில் இயற்பியலாளர் அபய் அஷ்டேகரின் குழுவும் உண்டு. 2006-இல் அவர்கள் செய்த கணக்கில், பின்னோக்கிப் போகும் பிரபஞ்சம் புள்ளியாகச் சுருங்காமல், ஒரு கட்டத்தில் எகிறித் திரும்புகிறது. நமக்கு முன் சுருங்கிவந்த ஒரு பிரபஞ்சம் இருந்திருக்கலாம் என்பது அதன் பொருள். இது நிரூபிக்கப்பட்டதில்லை என்பதை அவனே சொல்லிவிட வேண்டும். எதிரணி கெட்டிக்காரத்தனமாகத் தயாராகி வந்தால் 2003-இல் போர்டே, கூத், விலென்கின் நிறுவிய தேற்றத்தை எடுக்கும்: சராசரியாக விரிந்துகொண்டே வந்த எந்தப் பிரபஞ்சத்தையும் முடிவில்லாமல் பின்னோக்கி நீட்ட முடியாது என்பது அது. பதில் கைவசம் இருக்கட்டும்: ‘சராசரியாக விரிந்துகொண்டே வந்த’ என்ற சொற்களைக் கவனியுங்கள், முன்பு சுருங்கிப் பிறகு விரிந்த பிரபஞ்சத்தை அது கட்டுப்படுத்தாது.

நடுவர்கள் கடைசியில் ‘முடிவு எப்படி இருக்கும்?’ என்று கேட்பது வழக்கம். சுருக்கமாகப் போதும். விரிவு இப்படியே தொடர்ந்தால் விண்மீன்கள் ஒவ்வொன்றாக அணைந்து குளிர்ந்த இருள்தான் மிஞ்சும். இது எண்ணிப் பார்க்க முடியாத தொலைவிலுள்ள காலம். விரிவை முடுக்கும் கரும் ஆற்றல் காலப்போக்கில் பலவீனமடையலாம் என்று கேலக்ஸிகளை வரைபடமாக்கும், அரிசோனாவிலுள்ள டெசி கருவியின் 2025 முடிவுகள் சாடை காட்டுகின்றன. தற்செயல் என்று ஒதுக்க முடியாத உறுதியைக் குறிப்பதும், கண்டுபிடிப்பு என்று அறிவிக்கத் தேவையானதுமான 5 சிக்மா அளவை அது எட்டவில்லை. எட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2014 மார்ச்சில் பைசெப்2 குழு பிரபஞ்சத்தின் முதல் கண அலைகளைக் கண்டதாக அறிவித்து உலகமே கொண்டாடியது. ஓராண்டுக்குள் அந்தச் சைகையை நம் கேலக்ஸியின் தூசியைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று தெரியவந்தது.

ஒன்றைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். நம் மேடைகளில் இந்தத் தலைப்பு வந்தாலே யாராவது திருவாசகத்தின் திருவண்டப்பகுதியை எடுத்து, ‘அன்றே சொன்னார்’ என்று கைதட்டு வாங்குவார்கள். அண்டத்தின் பெருமையை வியந்து பாடிய அந்தப் பாட்டை நானும் நேசிக்கிறேன், அதனால்தான் அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு வலிக்கிறது. 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் பெருவெடிப்பைப் படைப்புக்கு ஆதாரமாகப் பேசியபோது, பாதிரியாரான லெமைத்ரே அதை விரும்பவில்லை.

பத்து நாளை இப்படிப் பிரியுங்கள். முதல் மூன்று நாள் எதிரணியின் மூன்று சான்றுகளையும் அவன் உங்களுக்குப் பாடம் நடத்தட்டும். உங்களுக்குப் புரியும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். நீங்கள் அறிவியல் படிக்காதவர் என்பது இங்கே பெரிய வசதி. அடுத்த நான்கு நாள் அவன் தன் பேச்சை எழுதட்டும். மீதி மூன்று நாள் நீங்கள் எதிரணியாக உட்கார்ந்து தினமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ‘எதைக் காட்டினால் நீ உன் பக்கத்தைக் கைவிடுவாய்?’ முதல் நாள் திணறுவான். மூன்றாம் நாளும் பதில் வரவில்லை என்றால் பேச்சைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். அந்த எலாஸ்டிக் நாடா போட்டியன்று அவன் சட்டைப் பையில் இருக்கட்டும்.