பேக்ஸ்பேஸ் தட்டினால் ^? விழுகிறதா? கீபோர்டை மாற்றாதீர்கள்

கேள்வி: அலுவலக லேப்டாப்பிலிருந்து புட்டி (PuTTY) என்ற புரோகிராம் வழியாக லினக்ஸ் சர்வருக்குள் போகிறேன். கட்டளை அடிக்கும் ஷெல்லில் பேக்ஸ்பேஸ் ஒழுங்காக அழிக்கிறது. ஆரக்கிள் டேட்டாபேஸுக்கான எஸ்கியூஎல் பிளஸ்ஸுக்குள் போனால் அழியாமல் ^? என்று விழுகிறது. அட்மின் உரிமையோடு கட்டளை ஓட்டும் சூடோ கேட்கும் பாஸ்வேர்டும் சில நேரம் தவறு என்கிறது. கீபோர்டை மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். கீபோர்டில் கோளாறு என்றால் நோட்பேடிலும் அழியாது. இதற்குப் புது கீபோர்டு விற்பவர்களையும், தொலைவிலிருந்தே உங்கள் கம்ப்யூட்டர் திரையைக் கையில் எடுத்துக்கொண்டு "விண்டோஸையே திரும்பப் போட வேண்டும்" என்று காசு கேட்பவர்களையும் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.

பேக்ஸ்பேஸ் ஓர் எண்ணை அனுப்புகிறது, அவ்வளவுதான். அது 8 ஆகவும் இருக்கலாம், 127 ஆகவும் இருக்கலாம். 1978ல் வந்த விடி100 டெர்மினலில் (சர்வரோடு பேசத் திரையும் கீபோர்டும் சேர்ந்த பழைய கருவி) இரண்டுக்கும் தனித்தனி விசை இருந்தது. 1983ல் வந்த விடி220, அழிக்கும் விசைக்கு 127ஐ வைத்தது. புட்டியும் வழக்கமாக 127தான் அனுப்பும். நீங்கள் பார்க்கும் ^? அதுதான். உங்கள் சர்வரோ 8 வந்தால்தான் அழிப்பேன் என்று உட்கார்ந்திருக்கிறது. பாஷ் ஷெல் இரண்டையும் ஏற்பதால் அங்கே தெரியவில்லை.

பாஸ்வேர்டு விஷயம் இன்னும் மோசம். தப்பாக அடித்து பேக்ஸ்பேஸ் தட்டும்போது அந்த 127ம் பாஸ்வேர்டில் ஓர் எழுத்தாகச் சேர்ந்துவிடுகிறது. திரையில் ஒன்றும் தெரியாது. சரியாகும்வரை, பிழை வந்தால் கண்ட்ரோல்-யு அழுத்தி முதலிலிருந்து அடியுங்கள்.

இப்போதைக்குச் சரிசெய்ய: எஸ்கியூஎல் பிளஸ்ஸுக்குள் போகும் முன் ஷெல்லில் எஸ்டிடிஒய் இரேஸ் (stty erase) என்று சிறிய எழுத்தில் அடித்து, இடம் விட்டு, கண்ட்ரோல்-வி, பிறகு பேக்ஸ்பேஸ், பிறகு என்டர்.

நிரந்தரமாக என்றால், லாகின் செய்ததும் தானாக ஓடும் உங்கள் ப்ரொஃபைல் ஃபைலில் எஸ்டிடிஒய் இரேஸ் என்று தொடங்கும் வரி இருக்கிறதா பாருங்கள். பழைய யூனிக்ஸ் காலத்தில் யாரோ எழுதியதை ஒவ்வொரு புது சர்வருக்கும் அப்படியே காப்பி அடித்துக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி அந்த வரிதான். எடுத்துவிட்டு மறுபடி லாகின் செய்யுங்கள்.

"புட்டியில் பேக்ஸ்பேஸைக் கண்ட்ரோல்-எச் ஆக்கிவிடு", அதாவது 8 அனுப்ப வை, என்று சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். குறிப்பாக ஈமேக்ஸ் எடிட்டர் பயன்படுத்துபவராக இருந்தால் செய்யவே செய்யாதீர்கள். ஈமேக்ஸில் கண்ட்ரோல்-எச் என்பது உதவி விசை. ஓர் எழுத்தை அழிக்கப் போனால் உதவி கேட்டதாக எடுத்துக்கொண்டு அடுத்த விசைக்குக் காத்திருக்கும். நீங்கள் அடுத்து தட்டும் விசையை உதவிக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும், எழுத்து மட்டும் அழியாது. நீங்கள் ஈமேக்ஸைத் தொடாவிட்டாலும், அதே லேப்டாப்பில் சேமித்த செட்டிங்கை நாளைக்கு வேறொருவர் திறப்பார்.

டெலிட் விசை தனிக் கதை. அது எஸ்கேப்பில் தொடங்கி நான்கு குறிகளை அனுப்பும். வெறும் எஸ்கியூஎல் பிளஸ்ஸுக்கு அது புரியாது. வரியைத் திருத்தும் வசதி தரும் ஆர்எல்ராப் (rlwrap) வழியாக அதைத் திறந்தால் வேலை செய்யும்.

அந்த எஸ்டிடிஒய் வரி எல்லாருக்கும் பொதுவான ப்ரொஃபைலில் இருந்தால் உங்களால் எடுக்க முடியாது. சர்வரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு டிக்கெட் போடும்போது "பேக்ஸ்பேஸ் வேலை செய்யவில்லை" என்று எழுதாதீர்கள். கீபோர்டு பிரச்சினை என்று மூடிவிடுவார்கள். ஃபைல் பெயரையும் வரி எண்ணையும் எழுதி, "இந்த வரியை நீக்கவும்" என்று கேளுங்கள்.