பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த அலாரம்? விற்பவர்கள் சொல்லாமல் விடும் விஷயங்கள்

கேள்வி: என்னிடம் 1992ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. துணிக்கூரை, மேனுவல் கியர். சாவியைத் தவிர வேறு பாதுகாப்பு எதுவும் கிடையாது. மாதத்தில் இரண்டு முறைதான் வெளியே எடுக்கிறேன். ரிமோட் ஸ்டார்ட், புஷ் பட்டன், ஜிபிஎஸ், மொபைல் ஆப் எல்லாம் சேர்ந்த கிட் ஒன்றைப் பொருத்தச் சொல்கிறார்கள். என் பட்ஜெட் சிறியது. அதெல்லாம் தேவையா? நானே பொருத்த முடியுமா? பேட்டரி இறங்கிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: அந்த கிட்டை வாங்காதீர்கள். பணம் வீண் என்பதைவிட, உங்கள் காருக்கு அது ஆபத்து என்பதுதான் முதல் காரணம்.

மேனுவல் காரை நிறுத்தும்போது கியரில் போட்டு நிறுத்துவது வழக்கம். சட்டைப் பையில் இருக்கும் ரிமோட்டில் கை பட்டு ஸ்டார்ட்டர் சுழன்றால் கார் அப்படியே முன்னால் பாயும். எதிரே சுவரா, ஆளா என்று ரிமோட்டுக்குத் தெரியாது. கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி ஒரு சுவிட்ச் இருந்தாலும், ரிமோட் ஸ்டார்ட் வேலை செய்வதற்காகவே அதைச் சுருக்குவழியில் இணைத்துவிடுகிறார்கள். புஷ் பட்டன் இன்னும் மோசம். சாவித் துவாரத்தோடு சேர்ந்துதான் ஸ்டீயரிங் பூட்டு இருக்கிறது. பட்டன் வைக்க வேண்டுமானால் அந்தப் பூட்டைக் கழற்ற வேண்டும், அல்லது சாவியை உள்ளேயே விட்டுவைக்க வேண்டும். தொழிற்சாலை கொடுத்த ஒரே இரும்புப் பூட்டையும் காசு கொடுத்துக் கழற்றிக்கொள்வானேன்? ஜிபிஎஸ் கெட்ட பொருள் இல்லை. ஆனால் மாதச் சந்தா நின்ற அன்றே அதுவும் நின்றுவிடும். கார் போன பிறகுதான் அதற்கு வேலை. முதலில் கார் போகாமல் பார்ப்போம்.

உங்களுக்கு வேண்டியது ஒருவழித் தொடர்புள்ள (ரிமோட் சைகை அனுப்பும், காரிலிருந்து பதில் வராத) சாதாரண அலாரம். வாங்கும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள். ரிமோட் ரோலிங் கோடு வகையாக இருக்க வேண்டும். கதவுக்கும், பானட்-டிக்கிக்கும் தனித்தனி உள்ளீட்டு ஒயர்கள் வேண்டும். அலாரம் பூட்டிய நிலையில் மட்டும் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் பக்க இணைப்பு) கொடுக்கும் வெளியீட்டு ஒயர் ஒன்று வேண்டும். ரிமோட் தொலைந்தால் பயன்படுத்த, நீங்களே மாற்றிக்கொள்ளக்கூடிய ரகசிய எண் வேண்டும். சைரனின் டெசிபல் கணக்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அட்டைப்பெட்டியில் எல்லோரும் பெரிய எண்ணைத்தான் அச்சடிக்கிறார்கள். கேட்பவர்களோ ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள்.

ரோலிங் கோடு என்பது பட்டனை அமுக்கும் ஒவ்வொரு முறையும் வேறு எண்ணை அனுப்பும் முறை. நிலைக்கோடு ரிமோட் எப்போதும் ஒரே எண்ணை அனுப்பும். கேட் திறக்கும் ரிமோட்டுகளை நகலெடுக்கும் சின்னக் கருவி ஒன்று எங்கும் கிடைக்கிறது. அதை நிலைக்கோடு ரிமோட்டுக்கு நேரே பிடித்தால் சில நொடிகளில் உங்கள் ரிமோட்டுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்துவிடும். மலிவான அலாரங்களில் கணிசமானவை பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே நிலைக்கோடுதான். வாங்கும் இடத்திலேயே, "இதற்கு நகல் ரிமோட் போட முடியுமா?" என்று அப்பாவியாகக் கேளுங்கள். "ஒரு நிமிடத்தில் போட்டுத் தருகிறேன்" என்று ரிமோட்டோடு ரிமோட்டை ஒட்டிவைத்துக் காட்டினால், நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். காரில் இருக்கும் யூனிட்டோடு சேர்த்துத்தான் புதிய ரிமோட்டைப் பதிய முடியும் என்றால் அது சரியான பொருள்.

துணிக்கூரைக்குத் தனிக் கவனம் வேண்டும். கிட்டோடு வரும் அதிர்வு சென்சார் கண்ணாடி உடைந்தால் உணரும். கத்தி துணியைக் கிழிப்பதை உணராது. இதற்கு அல்ட்ராசானிக் சென்சாரை விற்பார்கள். மூடிய இரும்புக்கூரைக் காருக்கு அது நல்லது. துணிக்கூரை காற்றில் துடிக்கும்போதெல்லாம் உள்ளே காற்று அசையும், சைரன் அலறும். பத்து நாளில் நீங்களே அதைப் பிடுங்கிவிடுவீர்கள். இரண்டு மண்டலம் உள்ள (வெளிவட்டத்தில் சின்ன எச்சரிக்கை, உள்வட்டத்தில் முழு சைரன்) மைக்ரோவேவ் சென்சார்தான் இங்கே பொருத்தம். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, தாழ்வாக, பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் வையுங்கள். இரும்பைத் தாண்டி அது பார்க்காது. துணியைத் தாண்டிப் பார்க்கும். அதனால் உணர்திறனைக் குறைத்துக்கொண்டே வந்து, காரை ஒட்டி நடந்தால் சும்மா இருக்க வேண்டும், கையை உள்ளே விட்டால் கத்த வேண்டும் என்ற இடத்தில் நிறுத்துங்கள். இந்தக் கார் வைத்திருப்பவர்களில் பலர் கதவைப் பூட்டாமலே அலாரத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகிறார்கள். உள்ளே எதுவும் இல்லாதபோது கூரை கிழிபடுவதைவிடக் கதவு திறக்கப்படுவது மேல் என்பது அவர்கள் கணக்கு. கதவு திறந்தால் எப்படியும் சைரன் அடிக்கும்.

பேட்டரி விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. இந்தக் காரில் பேட்டரி சிறியது, டிக்கிக்குள் இருக்கிறது. 30 ஆம்பியர்-ஹவர் என்று வைத்துக்கொள்வோம். நல்ல அலாரம் சும்மா இருக்கும்போது 20 மில்லிஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கடிகாரமும் ரேடியோவும் சேர்ந்து இன்னொரு 15. மொத்தம் 35 மில்லிஆம்பியர் என்றால் நாளைக்கு 0.84 ஆம்பியர்-ஹவர். பேட்டரியில் பாதி காலியாக 18 நாள் போதும். பழைய பேட்டரி அதற்கு முன்பே கையை விரிக்கும். மாதத்தில் இரண்டு முறை ஓட்டுபவருக்கு இது விளிம்பு. காரை நிறுத்துமிடத்தில் மின்சாரம் இருந்தால், தானாக நிறுத்திக்கொள்ளும் பராமரிப்புச் சார்ஜர் ஒன்றை மாட்டிவிடுங்கள். ஆப் வைத்த ஜிபிஎஸ் யூனிட்டும் இதே பேட்டரியிலிருந்துதான் குடிக்கும் என்பதை விற்பவர் சொல்லியிருக்க மாட்டார்.

இனி முக்கியமான பகுதி: காரை ஓடவிடாமல் தடுக்கும் ரிலே, அதாவது மின்சாரம் கொடுத்தால் மாறும் சுவிட்ச். சைரன் சத்தம் மட்டும் போடும். காரை நிறுத்திவைப்பது இதுதான். அலாரம் பொருத்துபவர்கள் பலர் ஸ்டார்ட்டர் ஒயரை மட்டும் வெட்டுவார்கள். உங்களுடையது மேனுவல் கார், எடையும் குறைவு. இரண்டு பேர் தள்ளி, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் ஸ்டார்ட்டரே தேவையில்லை. ஆகவே பெட்ரோல் பம்பின் மின்சாரத்தையும் வெட்ட வேண்டும். குழாயில் மிச்சம் இருக்கும் அழுத்தத்தில் இன்ஜின் ஓரிரு நொடி ஓடி நின்றுவிடும். கோளாறான வண்டி என்று நினைத்து விட்டுவிட்டுப் போவார்கள்.

ரிலே 12 வோல்ட், 30 அல்லது 40 ஆம்பியர், ஐந்து கால் கொண்டது. வெட்டிய ஒயரின் ஒரு முனை 30ஆம் காலில், மறு முனை 87ஏ காலில். இந்த இரண்டும் ரிலே தூங்கும்போது சேர்ந்திருக்கும். 86ஆம் காலுக்கு இக்னிஷன் போட்டால் வரும் 12 வோல்ட். 85ஆம் காலுக்கு அலாரத்தின் 'பூட்டினால் எர்த்' ஒயர். இப்படி இணைத்தால், அலாரம் பூட்டியிருக்கும்போது யாராவது இக்னிஷனைத் திறந்தால்தான் ரிலே விழித்து இணைப்பைப் பிரிக்கும். மற்ற நேரத்தில் பேட்டரியைத் தொடாது. அலாரம் செத்தாலும் கார் ஓடும். ஒரு ரிலே காயில் சுமார் 150 மில்லிஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட்டருக்கு ஒன்று, பம்புக்கு ஒன்று என இரண்டு ரிலேயை அந்த எர்த் ஒயர் தாங்குமா என்று கையேட்டில் பாருங்கள். பெரும்பாலும் 500 மில்லிஆம்பியர் வரை தாங்கும்.

பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். 86ஆம் காலுக்கு எடுக்கும் இக்னிஷன் ஒயர், ஸ்டார்ட்டர் சுழலும்போதும் 12 வோல்ட் காட்ட வேண்டும். ரேடியோவுக்குப் போகும் ஒயரில் சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பியதும் மின்சாரம் நின்றுபோகும். அந்த நொடியில் ரிலே தூங்கிவிடும், ஸ்டார்ட்டர் சுழன்றுவிடும். அலாரம் கத்திக்கொண்டே இருக்க இன்ஜின் ஓடத் தொடங்கும். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லி அளந்துவிட்டுத்தான் ஒயரில் கை வைக்க வேண்டும்.

ஓடும் காரை ரிமோட்டால் நிறுத்தும் வசதி கிட்டில் இருந்தால் அதை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். வளைவில் இன்ஜின் செத்தால் பிரேக்கின் உதவி சில மிதிப்புகளில் தீர்ந்துபோகும். பம்ப் ஒயரில் உள்ள இணைப்பு தளர்ந்தாலும் இதே கதிதான். அதனால் அங்கே மூடிய தரமான ரிலேயும், பழைய ஒயரின் தடிமனுக்குக் குறையாத ஒயரும் கட்டாயம்.

உங்களுக்குத் தொடர்பில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. கார்புரேட்டர் வைத்த இன்னும் பழைய கார்களில் இந்த பம்ப் யோசனை செல்லாது. அவற்றில் பலவற்றில் பம்ப் மின்சாரத்தில் ஓடுவதில்லை, இன்ஜினே அதை அசைக்கிறது. வெட்ட ஒயரே இல்லை. மின்சாரப் பம்ப் இருந்தாலும், கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலில் கார் தெருமுனையைத் தாண்டிப் போய், நடுச்சாலையில் நிற்கும். அப்படிப்பட்ட கார்களில் இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஒயரைத்தான் வெட்ட வேண்டும். சிலர் எதையும் பார்க்காமல் எல்லாக் காரிலும் ஒரே மாதிரி பம்ப் ரிலே வைத்துப் பணம் வாங்குகிறார்கள். வைத்தது வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

நீங்களே பொருத்தலாமா? மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தால், ஒரு முழு நாள் ஒதுக்கினால், பொருத்தலாம். முதலில் காரைச் சரிபாருங்கள். கதவைத் திறந்தால் உள்விளக்கு எரிகிறதா? இரண்டு கதவுக்கும்? அலாரம் அதே சுவிட்சைத்தான் நம்புகிறது. துருப்பிடித்த சுவிட்ச் இருந்தால் எந்த அலாரமும் குருடு. ஜப்பானியக் காரில் கதவு சுவிட்ச் எர்த் கொடுப்பது, ஆகவே அலாரத்தின் நெகட்டிவ் கதவு ஒயரை அதில் சேருங்கள். டிக்கிக்கும் பானட்டுக்கும் புதிதாக இரண்டு அழுத்து சுவிட்ச் வையுங்கள். டிக்கியில் பேட்டரி இருப்பதால் அதை விடவே கூடாது.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். மூடிய டிக்கியில் வாயு தங்கியிருக்கலாம், பொறி கூடாது. ஏர்பேக் இருந்தால் அதன் ஒயர்களையும் கனெக்டர்களையும் தொடாதீர்கள். ஒயர்களைச் சோதிக்க பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப் வேண்டாம், மீட்டர் மட்டும். அலாரத்தின் மின்சார ஒயரில் பேட்டரிக்கு அருகிலேயே 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ், கையேடு சொல்லும் அளவில். எர்த்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் வளைய முனையை முடுக்குங்கள். ஒயர் மேல் வைத்து இடுக்கியால் அமுக்கும் பிளாஸ்டிக் கிளிப் வேண்டவே வேண்டாம். அது உள்ளே இழைகளை அறுக்கும், ஈரம் புகும், இரண்டு வருடத்தில் பச்சை பூக்கும். இணைப்புகளைச் சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் உறை போடுங்கள். சைரனின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். சைலன்சர் குழாயின் சூட்டிலிருந்து விலகி, வண்டிக்கு அடியில் கைவிட்டு எட்டாத இடத்தில்.

ஆளை வைத்துச் செய்தால், எந்த ஒயர் எங்கே வெட்டப்பட்டது, ரிலேக்கள் எங்கே இருக்கின்றன என்ற படத்தைக் காகிதத்தில் வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். எல்லா ரிலேயையும் ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரே கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவது அவர்களுக்குச் சுலபம், திருடருக்கும் சுலபம். பம்ப் ரிலேயை அங்கிருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள், காரின் ஒயர் நிறத்திலேயே ஒயர் போடச் சொல்லுங்கள். தொழிற்சாலை ரகசிய எண்ணை நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள். அவர் எல்லாக் காரிலும் அதே எண்ணைத்தான் விட்டுவைத்திருப்பார்.

காப்பீட்டில் தள்ளுபடி கிடைக்கும் என்று சொல்லி விலை உயர்ந்த 'அங்கீகரிக்கப்பட்ட' யூனிட்டை விற்பார்கள். எவ்வளவு தள்ளுபடி என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டபின் முடிவு செய்யுங்கள். பல நேரம் யூனிட்டின் விலை வித்தியாசமே பல வருடத் தள்ளுபடியைத் தின்றுவிடும். பெட்டிக்குத்தான் சான்றிதழ், அதைப் பொருத்திய கைக்கு இல்லை. பிளாஸ்டிக் கிளிப்பில் தொங்கும் அலாரத்துக்கும் முத்திரை குத்திய தாள் வந்துசேரும். யாரும் பானட்டைத் திறந்து பார்ப்பதில்லை.

கடைசியாக, காரைப் பூட்டிவிட்டு, உள்ளே உட்கார்ந்து சாவியால் ஸ்டார்ட் செய்து பாருங்கள்; சுழலக் கூடாது. பிறகு, ஆளில்லாத சமதளத்தில், அலாரம் பூட்டிய நிலையில் ஒருவரைத் தள்ளச் சொல்லிப் பாருங்கள். இன்ஜின் பிடித்தாலும் உடனே நிற்க வேண்டும். அரை மணி நேரம் கழித்து நெகட்டிவ் ஒயருக்கு நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாட்டி இழுப்பை அளக்கவும். அப்போது மறந்தும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லிஆம்பியருக்கு மேல் காட்டினால் எங்கோ இணைப்பு தப்பு. ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ரகசிய எண்ணால் அலாரத்தை அணைக்கவும் ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள்.