கிழக் குதிரையின் பல்லும் தவிட்டு மூட்டையும்

கேள்வி: நீடாமங்கலம் அருகே ஐந்து ஏக்கரில் நெல் சாகுபடி செய்கிறேன். கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடும் ஒருவரிடம் சென்ற ஆவணியில் ஒரு பெட்டைக் குதிரை வாங்கினேன். 12 வயது என்றார். மாட்டுக் கொட்டகையிலேயே கட்டி, மாடுகளுக்குப் போடும் வைக்கோலையும் கோ-4 புல்லையும் போடுகிறேன். இரண்டு வேளை தவிடும் உண்டு. இரண்டு மாதமாக வைக்கோலை மென்று உருண்டையாகத் துப்புகிறது. விலா எலும்பு தெரிகிறது. தீவனக் கடையில் குடற்புழு மருந்தும் ஈரல் டானிக்கும் கொடுத்தார்கள், பலனில்லை. ஆடுகிற பல்லைப் பிடுங்கிவிடலாம் என்கிறார் லாடம் அடிப்பவர். பிடுங்கலாமா? தை முகூர்த்தங்களுக்கு ஊர்வலத்துக்கு அனுப்பலாமா?

பதில்: பிடுங்க வேண்டாம். குறடு போட்டு இழுக்க அது வேலியில் அடித்த ஆணி இல்லை. பாதியில் முறிந்தால் வேர் தாடைக்குள் தங்கிச் சீழ் வைக்கும். வாயில் புண்பட்ட குதிரைக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) மிக எளிதில் வந்துவிடும் என்பதையும் லாடம் அடிப்பவரிடம் சொல்லுங்கள். குளம்போடு அவர் நிறுத்திக்கொள்ளட்டும்.

முதலில் வயதைப் பார்த்துவிடுவோம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நீங்கள் காசு கொடுத்தல்லவா வாங்கினீர்கள்? மேலுதட்டைத் தூக்கி, மேல்வரிசை முன்பற்களில் ஓரத்தில் இருக்கும் கடைசிப் பல்லைப் பாருங்கள். நெடுக்காகப் பழுப்பு வரி ஒன்று ஓடும். ஏறத்தாழ 10 வயதில் ஈறோரத்தில் அது தலைகாட்டும். பாதிப் பல் வரை இறங்கியிருந்தால் 15-ஐ ஒட்டிய வயது. அடி வரை வந்திருந்தால் 20. மேல்பாதி அழிந்து கீழே மட்டும் வரி நின்றால் 25-ஐ நெருங்குகிறது. துல்லியமான கணக்கு இல்லைதான், ஆனால் 12 என்று சொல்லி 20-ஐ விற்றதைக் காட்டிக்கொடுக்க இது போதும். ஊர்வலத்தில் ஓய்ந்த குதிரையை விற்கிறவர் சொல்லும் வயதை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கடைவாய்ப் பற்களைப் பல வருடமாக யாரும் பார்த்ததில்லை. குதிரையின் பல் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும், அரைக்க அரைக்கத் தேய்ந்துகொண்டும் இருக்கும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அதனால் மேற்பல்லின் வெளியோரமும் கீழ்ப்பல்லின் உள்ளோரமும் தேயாமல் கத்திமுனையாக நின்றுவிடும். ஒன்று கன்னத்தைக் கிழிக்கும், மற்றது நாக்கை. வைக்கோல் உருண்டை விழுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். கையை வாய்க்குள் விட்டுப் பார்க்காதீர்கள், விரல் மிஞ்சாது. கன்னத்தின் மேல் வெளியிலிருந்து, மேற்பல் வரிசையை ஒட்டி விரலால் மெல்ல அழுத்துங்கள். வெடுக்கென்று தலையை இழுத்தால் விஷயம் புரிந்துவிடும். ஒரு நாசியில் மட்டும் சளி வடிந்து துர்நாற்றம் வீசினால் மேற்பல்லின் வேர் அழுகிச் சீழ் ஏறியிருக்கலாம், தாமதிக்காதீர்கள்.

கால்நடை மருத்துவர் மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்தபடி நிறுத்தும் கருவியை மாட்டி, அரத்தால் முனைகளை ராவிவிடுவார். ஒரே நாளில் எல்லாவற்றையும் சமமாக்கும்படி அவரை நெருக்காதீர்கள். கிழக் குதிரைக்கு மிச்சமிருக்கும் பல் கொஞ்சம். அதையும் ராவிவிட்டால் எதை வைத்து அரைக்கும்? முதலில் கூர்முனைகள், மற்றவை சில மாத இடைவெளியில். ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. உங்கள் ஊர் மருத்துவரிடம் குதிரைக்கான பல் அரம் இல்லையென்றால் அங்கே கேளுங்கள். ரணஜன்னித் தடுப்பூசியையும் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. பல் ஏன் ஆடுகிறது? என் சந்தேகம் உங்கள் தவிட்டு மூட்டையின் மேல். தவிட்டில் ஒரு பங்கு சுண்ணாம்புச் சத்துக்குப் பத்துப் பங்குக்கு மேல் பாஸ்பரஸ் இருக்கிறது. குதிரைத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைவிடக் குறையவே கூடாது. போதாததற்கு வைக்கோலிலும் கோ-4 புல்லிலும் ஆக்சலேட் என்ற உப்பு. மாட்டின் பெருவயிற்று நுண்ணுயிர்கள் அதைப் பெருமளவு சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு இல்லை. சிறுகுடலிலேயே ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். உடம்பு எலும்பிலிருந்து எடுத்துச் சரிக்கட்டும். தாடை எலும்பு நாராகி உப்பும், பல் ஆடும். ஐரோப்பாவில் மாவு ஆலைக்காரர்கள் மிஞ்சிய தவிட்டையே தின்னக் கொடுத்த குதிரைகளுக்கு வந்ததால், ஆலைக்காரர் நோய் என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு. கண்ணுக்குக் கீழே இரு பக்கமும் முகம் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். டெல்டாவில் தவிடு மலிவு என்பதற்காகக் குதிரையை மாடாக்கியதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

கடைக்காரர் அடுத்தபடியாகத் தாது உப்புக் கலவை நீட்டுவார். கறவை மாட்டுக்கானது அது, அதிலும் பாஸ்பரஸ் உண்டு. உங்களுக்கு வேண்டியது தீவனத்தில் கலக்கும் கால்சைட் (சுண்ணாம்புக்கல்) தூள், நாட்டுக் குதிரைக்கு நாளொன்றுக்கு 30 கிராம் அளவில், மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள், வாய் வெந்துவிடும். மாட்டுக் கலப்புத் தீவனமும் கோழித் தீவனமும் அருகில் வரவே கூடாது. சிலவற்றில் சேர்க்கப்படும் மோனென்சின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும்.

தவிட்டைப் பத்து நாளில் படிப்படியாக நிறுத்துங்கள். கொள்ளுப் பயற்றை ஊறவைத்து, வேகவைத்து, கையால் மசித்து, ஒரு வேளைக்கு அரைக்கிலோவுக்கு மேற்படாமல் நாலு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வரப்பில் மண்டிக்கிடக்கும் அருகம்புல் இதற்கு அருமையான தீனி. மண்ணை அலசிப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். வேலிமசால் என்ற தீவனப் பயிர் கிடைத்தால் சேருங்கள். சவுண்டல் (சூபாபுல்) தழை வேண்டாம், பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிவிடும். காய்ந்த தீனி எதுவானாலும் நனைத்தே வையுங்கள். பல் இல்லாத குதிரை உலர் தீனியை அப்படியே விழுங்கினால் தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொண்டு மூக்கு வழியாக நுரையும் தீனியும் வரும். அப்போது மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றுகிற வேலை வேண்டாம், அது நுரையீரலுக்குப் போகும். தீனியையும் தண்ணீரையும் எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கோடியக்கரையில் திரியும் குதிரைகளுக்கு யார் பல் ராவுகிறார்கள் என்று கேட்பீர்கள். அவை நாளில் பதினைந்து மணி நேரம் தலை குனிந்து மேய்கின்றன. பல் போனவை நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

வாய்ப்புண் ஆறும் வரை கடிவாளத்தை ஆணியில் மாட்டி வையுங்கள். தை முகூர்த்தத்துக்குக் கல்யாண வீட்டாரை வேறு குதிரை பார்க்கச் சொல்லுங்கள்.